முதலில் கரையைப் பாருங்கள்

ஜப்பானின் ஒகயாமாவிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கொஜிமா. ஜீன்ஸ் ஊர். ஜீன்ஸ் தெருவுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே கயிறு கட்டி, வரிசையாக ஜீன்ஸ் தொங்குகிறது. மொட்டைமாடிக் கொடியில் துவைத்துப் போட்ட மாதிரி காற்றில் ஆடுகிறது.

கடலைத் தூர்த்து உண்டாக்கிய உப்பு நிலம் இது. நெல் சரிப்படாது என்று பருத்தி போட்டார்கள். அந்தப் பருத்தி, தறியைக் கொண்டுவந்தது. பிறகு பள்ளிச் சீருடைத் தையல் வந்தது. 1965இல் ஜீன்ஸும் வந்தது. அதற்கான துணி மட்டும் அப்போது அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தது.

நான் போனது ஒரு சின்னக் கடை. வாசலில் அவுரி நீலத் துணித்திரை. உள்ளே பழைய மரத்தரை, மஞ்சள் விளக்கு, நீள மேஜையில் பத்துப் பன்னிரண்டு ஜீன்ஸ், அவ்வளவுதான். நம் ஜவுளிக்கடையில் ஓர் அலமாரித் தட்டுக்குக் காணாது. எதைத் தொட்டாலும் வாங்கத் தோன்றியது.

இந்த மயக்கம் எனக்குப் பழசு. சில வருடம் முன்பு, வேறொரு ஊரில் இதேபோல் அழகான கடையில், விளக்கு வெளிச்சத்திலேயே சொக்கி ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். முதல் துவையலிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அந்தச் சூடு மறக்காததால், இந்த முறை கடையை ரசிக்கப் பத்து நிமிடம், துணியைப் பார்க்க ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினேன். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றவை இவை.

கால் முனையை மடித்துப் பாருங்கள். வேட்டிக்குப் போல டெனிமுக்கும் கரை உண்டு. நாடா ஓடும் பழைய தறியில், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரம் வரை போய்த் திரும்பி வரும். அதனால் ஓரம் பிரியாது. அந்தத் தறியில் துணியின் அகலம் சுமார் 80 சென்டிமீட்டர்தான், நெசவும் மெதுவாகத்தான் நடக்கும். விலை ஏறுவது இதனால்தான். கரை இருந்தாலே நல்ல துணி என்று எண்ணிவிடாதீர்கள். எந்தத் தறியில் நெய்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

துண்டுத்துணி கேளுங்கள். கடைப்பெண் ஒரு துண்டு தந்து, நூலைப் பிரித்துக் காட்டினார். டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நீலம், ஊடை வெள்ளை. அந்த நீல நூலின் முறுக்கை அவிழ்த்தால் உள்ளே வெள்ளை! நூலைச் சாயத்தில் முக்கி, காற்றில் காட்டி, மறுபடி முக்கி எடுக்கிறார்கள். சாயம் மேலோடு நின்றுவிடுகிறது. அந்த மேல்தோல் தேயத் தேய, முட்டியிலும் தொடையிலும் வெளுப்பு விழுகிறது. புது ஜீன்ஸோடு வெள்ளை சோபாவில் உட்காராதீர்கள். நீலம் அங்கேயும் ஒட்டும்.

எடையைக் கேளுங்கள். ஒரு சதுர கஜத் துணி எத்தனை அவுன்ஸ் என்பதுதான் கணக்கு. அங்கே 21 அவுன்ஸ் ஜீன்ஸ் ஒன்று, ஆள் இல்லாமலே நின்றது! நம் வெயிலுக்கு 14 அவுன்ஸே கனம்தான்; 12க்குள் பாருங்கள்.

சுருங்குமா என்று கேட்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். முன்கூட்டியே சுருக்கிப் பதப்படுத்தாத துணி, 10 சதவீதம் வரைகூடச் சுருங்கும். 32 அங்குல நீளத்தில் மூன்று அங்குலம் போனால் என்ன மிஞ்சும்? நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

போட்டுப் பார்க்கும்போது உட்காருங்கள், குனியுங்கள். கண்ணாடி முன் நிற்கிற இடுப்பு வேறு, ரயிலில் ஆறு மணி நேரம் உட்காருகிற இடுப்பு வேறு.

கால் மடிப்பை அங்கேயே தைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய ஜீன்ஸுக்கு அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, குண்டூசி குத்தி அளந்தார். தைத்தது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் ஒரு நுனியை இழுத்தால் சரசரவென்று பிரியுமே, அதே தையல்தான். துவைக்கத் துவைக்க மடிப்பு லேசாக முறுக்கிக்கொண்டு, கயிறு மாதிரி வெளுக்கும்.

வெட்டிய கால் துண்டை அவர் குப்பையில் போடவில்லை. காகித உறையில் மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே சிவப்பு நூல் ஓடும் கரை. அந்தத் துண்டு இப்போது என் பர்ஸில் இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு அழகான கடைக்குள் நுழைந்தாலும், முதலில் அதை எடுத்து அங்குள்ள துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பாதி நேரம், எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிடுகிறேன்.