களத்துக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

சமூக ஆய்வில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, கேள்வித்தாளை எப்படித் தயாரிப்பது, எத்தனை பேரைப் பார்த்தால் போதும், டேப்லெட்டில் எப்படிப் பதிவது என்பதைத்தான். அதெல்லாம் ஒரு வாரப் பயிற்சியில் வந்துவிடும். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், புதியதற்கு எப்படிப் பழகுகிறார்கள், ஒரு மனப்பான்மைக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால் வேறு சில பழக்கங்கள் தேவை. ஒரே மனிதர் கேள்வித்தாளுக்கு ஒன்று சொல்வார், கடைத்தெருவில் இன்னொன்று செய்வார், பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு முடிவெடுப்பார். மூன்றிலும் இருப்பவர் அவர்தான். எந்த இடத்தில் எது வெளிப்படுகிறது என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

1. சொன்னதைத் தனியாகவும் பார்த்ததைத் தனியாகவும் எழுதுங்கள்.

ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் அந்த நாட்டைச் சுற்றி வந்தார். சீனர்கள் குடியேறுவதற்கே சட்டம் போட்டுத் தடை விதித்திருந்த காலம் அது. ஆனாலும் அவர்கள் போன 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஒரு இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதம் விட்டு அந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் போட்டார் லாபியர்: சீனர்கள் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா? 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ‘மாட்டோம்’ என்றன. 1934இல் இதைக் கட்டுரையாக்கினார்.

ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். கடிதத்தில் வந்த ‘சீனர்’ பதில் எழுதியவரின் மனதில் இருந்த ஓர் உருவம். வாசலில் வந்து நின்றதோ நல்ல உடையும் சரளமான ஆங்கிலமும் புன்னகையுமாக இரண்டு பேர். தவிர, கவுண்டரில் இருந்தவரும் கடிதத்துக்குப் பதில் போட்டவரும் ஒரே ஆள்தானா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் நீங்கள் பார்த்தது. இரண்டும் ஒத்துப்போகாத வரிகளில்தான் ஆய்வு தொடங்குகிறது.

2. நேராகக் கேட்டதற்கு ‘இல்லை’ என்று வந்தால், செயலை வைத்து இன்னொரு முறை கேளுங்கள்.

இந்திய மனித வளர்ச்சி ஆய்வு 2011–12இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தீண்டாமை பற்றிக் கேட்டது. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. ‘இல்லை’ என்றவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரத்தைப் புழங்கினாலோ பரவாயில்லையா? முதல் கேள்விக்குக் கூசாமல் ‘இல்லை’ என்றவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவதில் தயங்கிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 27 சதவீத வீடுகள் கணக்கில் வந்தன. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் அந்த ஒரு பகுதி நம் கண்ணுக்குப் பட்டே இருக்காது.

கேள்விகூட வேண்டாம் என்னும் இடங்களும் உண்டு. ஊருக்குள் இருக்கும் டீக்கடைக்குக் காலை ஆறு மணிக்குப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் நின்றபடியே குடிக்கிறார், யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குப் பேப்பர் கப், குடித்து முடித்த டம்ளரை யார் எடுக்கிறார், யார் தானே கழுவி வைக்கிறார் என்று பாருங்கள். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லும். பேப்பர் கப் எல்லாருக்கும் வந்துவிட்டதா, சிலருக்கு மட்டும் வந்திருக்கிறதா என்பதை அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும். இதைப் பார்க்கும்போது நோட்டை வெளியே எடுக்காதீர்கள். பஸ் ஏறியதும் எழுதிக்கொள்ளலாம்.

3. ஒருவருக்கு என்ன தெரியும் என்று சோதிப்பதானால், அந்த அறிவு புழங்கும் இடத்தில் வைத்துச் சோதியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருச் சந்தைகளில் காய்கனி விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து டெரெசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகவே போய் நின்றார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தேங்காய் விற்கிறான். ஒன்று முப்பத்தைந்து. பத்து வேண்டும், எவ்வளவு? பையன் மூன்று காய்க்கு 105 என்று தொடங்கினான். இன்னும் மூன்று சேர்த்து 210 என்றான். பாக்கி நான்கு வேண்டுமே என்று நிறுத்தி, 315க்கு வந்து, கடைசியில் 350 என்று சரியாகச் சொல்லிவிட்டான். மும்மூன்றாக விற்றுப் பழகியவன், மூன்றின் விலை அவனுக்கு மனப்பாடம். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்ற பள்ளிக்கூடக் குறுக்குவழியை அவன் தொடவே இல்லை.

பிறகு அதே பிள்ளைகளுக்குக் காகிதமும் பென்சிலும் கொடுத்து, அதே எண்களைக் கணக்காகப் போடச் சொன்னார்கள். சந்தையில் நான்கு தேங்காய் 140 என்று சரியாகச் சொன்ன பையன், 35ஐ 4ஆல் பெருக்கு என்று எழுதிக் கொடுத்ததும் 200 என்று விடை போட்டான். நாலைந்து இருபது, மேலே இரண்டு. அந்த இரண்டை மூன்றோடு முதலிலேயே கூட்டிவிட்டு அதன்பிறகு நான்கால் பெருக்கியிருக்கிறான். ஐந்து பிள்ளைகளும் சந்தையில் நூற்றுக்கு 98 சரி. கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37.

ஐந்து பிள்ளைகளை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று கேட்கத் தோன்றும். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஏராளமான பிள்ளைகளிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் கல்லாவில் கெட்டி, பாடக் கணக்கில் தடுமாற்றம். கடையில் நின்று பழகாத பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தலைகீழ். ஓரிடத்துக் கணக்கு இன்னோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை.

ஆகவே பூக்கட்டி விற்கும் அம்மாவிடம் எண்ணறிவுத் தாளை நீட்டாதீர்கள். அரை முழம் வாங்கி நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பாருங்கள். படிவத்தில் ‘எழுத்தறிவில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதற்கு முன்னால், மகளிர் குழுக் கணக்கில் யார் எவ்வளவு பாக்கி என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

4. ‘அறியாமை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

பெரு நாட்டில் லாஸ் மொலினோஸ் என்று ஒரு கிராமம். குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு வருடம் வீடு வீடாகப் போனார். ஏறத்தாழ 200 குடும்பங்கள். புதிதாகக் காய்ச்சத் தொடங்கியவை 11. இதை ஆராய்ந்து எட்வர்ட் வெலின் 1955இல் எழுதினார். அந்த ஊர் வழக்கில் காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. உணவுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் சூடு, குளிர்ச்சி என்று ஒரு குணம் உண்டு; திடமாக இருப்பவர் காய்ச்சின தண்ணீரைக் குடிப்பது முறையில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் பணியாளர். ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே முழுமையான ஒரு விளக்கம் இருந்தது.

கர்ப்பிணிக்குப் பப்பாளி சூடு, சளிக்காரப் பிள்ளைக்கு வாழைப்பழம் குளிர்ச்சி என்று கேட்டே வளர்ந்த நமக்கு அந்த ஊர்க்காரர்களைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினார்கள். தயங்கிய தாயிடம் போனால் ‘ஏன் போடவில்லை’ என்று கேட்காதீர்கள், அது கண்டிப்பதுபோல் ஆகிவிடும். போன ஊசி போட்ட அன்று என்ன நடந்தது, ராத்திரி காய்ச்சல் வந்ததா, யார் கூட இருந்தார்கள் என்று ஆரம்பியுங்கள். காரணம் அந்தக் கதைக்குள் இருக்கும்.

5. முடிவு தனி ஆளின் தலைக்குள் மட்டும் நடப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க இல்லத்தரசிகளைப் பழக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் கர்ட் லெவின் சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். வேறு சில குழுக்களைத் தங்களுக்குள் பேசவைத்து, கடைசியில் கை தூக்கி முடிவெடுக்க வைத்தார். பிறகு விசாரித்தபோது சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதமும், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதமும் அதுவரை சமைக்காத பாகத்தைச் சமைத்திருந்தார்கள். பேசிய குழுவினருக்குப் பின்னால் விசாரிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும், அதுவும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அயோவா மாநில விவசாயிகள் ஒட்டு மக்காச்சோள விதைக்கு மாறிய விதத்தை ரையன், கிராஸ் இருவரும் 1943இல் எழுதினார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் விற்பனைக்காரர். விதைக்க வைத்தது பக்கத்து நிலத்துக்காரர். அதுவும் முதல் வருடம் ஒரு துண்டு நிலத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான். நம்மூரில் ஒற்றை நாற்று நடவுக்கு வந்தவர்களைக் கேளுங்கள், யாருடைய வயலைப் பார்த்து வந்தேன் என்று பெயர் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே உங்கள் படிவத்தில் ‘யாரைப் பார்த்து’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கட்டும்.

6. மாற்றம் மெதுவாக வரும். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு ‘பலன் இல்லை’ என்று எழுதாதீர்கள்.

1993 முதல் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றாயிற்று. புருஷன்தான் ஆள்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். மேற்கு வங்கத்தின் பீர்பும் மாவட்டத்தில் எந்த ஊராட்சிக்கு இடஒதுக்கீடு என்பது குலுக்கல்போல அமைந்ததால், லோரி பீமன், டஃப்லோ, ரோஹிணி பாண்டே, பெட்டியா டோபலோவா நால்வரும் 495 கிராமங்களை ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர் வேண்டும் என்று ஆண்கள் வாயால் சொல்லும் விருப்பம் மாறவில்லை. ஆனால் ஒரு பெண் தலைவரைக் கண்ணால் பார்த்த ஊர்களில், பெண்ணால் நிர்வாகம் செய்ய முடியும் என்ற மதிப்பீடு உயர்ந்திருந்தது. இரண்டு முறை பெண்ணுக்கு ஒதுக்கிய ஊர்களில் பெண் பிள்ளையைப் பற்றிய பெற்றோரின் ஆசைக்கும் ஆண் பிள்ளையைப் பற்றிய ஆசைக்கும் இருந்த இடைவெளி 20 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைகளின் சொந்த ஆசையில் 32 சதவீதம். ஒரே முறை ஒதுக்கிய ஊர்களோடு நிறுத்தியிருந்தால் இது அகப்பட்டிருக்காது. தமிழ்நாட்டில் 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. இதைத் தொடர்ந்து பார்த்து எழுத வேண்டிய தலைமுறை நீங்கள்தான், அதை நான் மனதார விரும்புகிறேன்.

7. பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதையும் பதியுங்கள்.

மருமகளிடம் கேட்ட கேள்விக்கு நிலைப்படியில் நிற்கும் மாமியார் பதில் சொல்வார். ‘நீங்களே சொல்லுங்கம்மா’ என்று மருமகளைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், நீங்கள் போன பிறகு அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். மாமியாரிடம் அவர் காலத்துக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியிலோ நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலோ மருமகளைத் தனியே பாருங்கள். யார் எதிரில் சொன்ன பதில் என்பது பதிலோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

8. பிரபலமான சோதனைகளை மூலக் கட்டுரையில் படியுங்கள்.

கூட இருப்பவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொல்லும்போது ஒருவர் கோட்டின் நீளத்தைச் சரியாகச் சொல்கிறாரா என்று பார்த்தது சாலமன் ஆஷின் கோடுகள் சோதனை. அதைச் சொல்லி, மனிதன் மந்தைதான் என்று மேடையில் பேசுவார்கள். அதில் கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான விடைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் சரியான விடைகள். கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஒரு தடவைகூடக் கூட்டத்துக்கு மசியவில்லை.

9. குறிப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள்; ஊருக்குத் திரும்பிப் போங்கள்.

சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி எடுத்து, வருடக்கணக்காக ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் எல்லாப் படிகளும் ஸ்டான்ஃபோர்டில் ஒரே அறையில் இருந்தன. 1970 ஏப்ரலில் அந்தக் கட்டடத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். நினைவிலிருந்து அவர் எழுதியதுதான் 1976இல் வந்த ‘நினைவில் நிற்கும் கிராமம்’. அந்த நினைவாற்றல் எல்லாருக்கும் வாய்க்காது. அன்றன்றைக்கு எழுதியதை அன்றன்றைக்கே படம் எடுத்து வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

திரும்பிப் போவதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை வைத்து எடுத்த கிராம ஆய்வுகள் 1918இல் புத்தகமாயின. அதில் உள்ள இருவேல்பட்டுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் மறுபடியும் மறுபடியும் போயிருக்கிறார்கள். அந்த அளவுக்கு உங்களால் முடியாவிட்டாலும், அறிக்கை அச்சாவதற்கு முன் ஒரு தடவை போங்கள். பள்ளிக்கூடத் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ ஊரையும் காலனியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்காரவைத்து, யார் சொன்னது என்பது வெளியே தெரியாதபடி, கண்டதை எளிமையாகச் சொல்லுங்கள். ‘அப்படி இல்லீங்க, நீங்க வந்தது அறுப்புச் சமயம், அதான் அப்படிச் சொன்னோம்’ என்று யாராவது எழுந்து திருத்துவார். அந்தத் திருத்தங்களைத் தனி நோட்டில் எழுதிக்கொண்டு, அறிக்கையில் அதற்கென்று ஓர் அத்தியாயம் வேண்டும் என்று உங்கள் நெறியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.