ஜீப்பின் ‘டக்’ ஒலி சொல்வது என்ன?



போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்று காய் பறித்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள்.

அப்படி ஒரு ஜீப்பில் ஒருநாள் மாலை நானும் பூப்பாறையிலிருந்து இறங்கினேன். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் இருக்கைக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மீண்டும் மிதித்தால் மீண்டும் ஒரு ‘டக்’. “அது என்னங்க சத்தம்?” என்று கேட்டேன்.

“ஆறு மாசமா கூடவே வருது சார். சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார்.

வண்டி ஒருநாள் நின்றால் அவருக்கு ஒருநாள் வருமானம் போய்விடும். அவர் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சத்தம் சீசன் முடியும்வரை காத்திருக்குமா? இதனை இயற்பியலிடமே கேட்போம்.

வளைந்து சுழலும் தண்டு

நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் தரும் பழைய வில்லிஸ் வகை ஜீப்பில், எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பங்கீட்டுப் பெட்டிக்கும் செல்கிறது. அதிலிருந்து முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாக இரண்டு இரும்புக் குழாய்த் தண்டுகள் செல்கின்றன. இவையே புரொப்பல்லர் சாப்டுகள். பட்டறைகளில் ‘ஜாயிண்ட்’ என்றாலே பலரும் புரிந்துகொள்வார்கள்.

கியர் பெட்டி சட்டத்தோடு பிணைக்கப்பட்டது. அச்சோ வில்லின் மேல் ஏறி இறங்குவது. எனவே தண்டின் சாய்வும் நீளமும் கணந்தோறும் மாறுகின்றன. நீள மாற்றத்தை ஈடுசெய்யப் பற்களால் ஒன்றனுள் ஒன்று வழுக்கும் ஓர் இணைப்பு உண்டு. சாய்வை ஈடுசெய்ய இரு முனைகளிலும் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை வடிவ இணைப்பு உண்டு. சிலுவையின் எதிரெதிரான இரு கைகளை ஒரு கவையும், மற்ற இரண்டை இன்னொரு கவையும் பிடித்திருக்கும். ஒவ்வொரு கையின் மீதும் ஒரு சிறு கிண்ணம். அதனுள் ஊசிபோன்ற மெல்லிய எஃகு உருளைகள்.

இதற்குக் கார்டன் இணைப்பு, ஹூக் இணைப்பு என்று இரு பெயர்கள் உண்டு. முன்னது 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டனோவின் பெயரால் வந்தது. பின்னது, வில்லின் நீட்சி பற்றிய விதியில் நீங்கள் சந்தித்த அதே ராபர்ட் ஹூக்கின் பெயரால் வந்தது. 1676இல் வெளியான தம் நூலில் அவர் இதனை விவரித்தார்.

இந்த இணைப்புக்கு ஒரு வினோத குணம் உண்டு. உள்ளே வரும் தண்டு சீராகச் சுழன்றாலும், சாய்ந்து செல்லும் தண்டு சீராகச் சுழலாது. சாய்வுக் கோணம் 20 பாகை எனக் கொள்வோம். அதன் கொசைன் 0.94. உள்ளே வருவது நிமிடத்திற்கு 1000 சுற்று என்றால், வெளியே செல்வது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 940க்குத் தாழ்ந்து 1064க்கு உயரும். மறுமுனையில் உள்ள இரண்டாவது கிராஸ் இந்த ஏற்றத்தாழ்வை எதிராகச் செய்து சமன் செய்துவிடுகிறது. ஆனால் அதற்கு இரு நிபந்தனைகள்: இரு முனைகளின் சாய்வும் சமமாக இருக்கவேண்டும், தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது நிபந்தனையை நினைவில் வையுங்கள்; பின்னர் தேவைப்படும்.

அரை டன் தாங்கும் ஊசிகள்

ஜீப் எஞ்சின் 120 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் தருவதாகக் கொள்வோம். முதல் கியரில் அது 2.8 மடங்காகி, பின் தண்டில் 336 நியூட்டன் மீட்டராகிறது. சிலுவையின் மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள இரு கைகள் இதனைத் தாங்கவேண்டும்.

ஒரு கையின் மீதுள்ள விசை = 336 ÷ (2 × 0.03) = 5600 நியூட்டன்.

இது ஏறத்தாழ 570 கிலோகிராம் எடைக்குச் சமம்! உங்கள் விரல் பருமனுள்ள எஃகுக் கை, ஊசிகளின் வழியாக இதனைத் தாங்குகிறது. இந்த ஊசிகள் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை; சிறு கோணத்திற்குள் முன்னும் பின்னுமாக அசைகின்றன. ஆகவே அழுத்தம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுகிறது. மழைநீரும் சேறும் புகுந்து கிரீஸ் போய்விட்டால், ஊசிகள் துருப்பிடித்துக் கையின் மீது பள்ளக்கோடுகளை உண்டாக்கும். பள்ளம் விழுந்த இடத்தில் இடைவெளி பிறக்கிறது.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சக்கரத்தைத் திருப்புகிறது. காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினைத் திருப்புகிறது. விசையின் திசை மாறும்போது, இடைவெளியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சிலுவை மோதுகிறது. அதுவே நாம் கேட்ட ‘டக்’!

நோயைக் கண்டறிதல்

நல்ல மெக்கானிக் மருத்துவரைப் போலவே ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவார்.

முதலாவது, அதிர்வு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். எஞ்சினின் சுற்றுவேகம் மாறியும் அதிர்வு மாறாமலிருந்தால், எஞ்சின் குற்றமற்றது; கோளாறு கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ளது. பிறகு, சக்கரமா தண்டா என்று பார்க்கவேண்டும். அந்த வேகத்தில் ஜீப்பின் சக்கரம் நொடிக்குச் சுமார் 5 முறை சுழலும். தண்டு அதைப்போல் 5 மடங்குக்கு மேல், சுமார் 26 முறை சுழலும். மெதுவான ஆட்டம் என்றால் சக்கரம். ‘கிர்’ரென்ற நடுக்கம் என்றால் தண்டு.

இந்த நடுக்கம் ஏன் வேகத்துடன் கடுமையாகிறது? 5 கிலோகிராம் தண்டின் ஒரு முனை அரை மில்லிமீட்டர் விலகினால், அதன் நிறைமையம் கால் மில்லிமீட்டர் விலகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இதனால் எழும் விசை சுமார் 34 நியூட்டன். விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 60 கிலோமீட்டரில் அது 77 நியூட்டன் ஆகிவிடும்.

இரண்டாவது, கைப் பரிசோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் விடவேண்டும். கிராஸின் இரு பக்கக் கவைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். மேலும் கீழும் அசைத்தும் பார்க்கவேண்டும். சிலுவை கவைக்குள் சிறிதேனும் ஆடினால் அது தேய்ந்தது. கிண்ணத்தைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி தெரிந்தால் சந்தேகமே இல்லை. கிராஸ் ஆடாமல், அதற்கப்பால் பின்னச்சின் பினியன் மட்டும் இலேசாகத் திரும்பினால் அஞ்சவேண்டாம். பற்சக்கரங்களுக்கு இடையே சிறு இடைவெளி இயல்பே.

சிகிச்சை

அடுத்த ஞாயிறன்று அந்த ஜீப்பு போடியில் ஒரு பட்டறைக்குப் போனது, நானும் போனேன். மெக்கானிக் ஸ்பானரைத் தொடுமுன் சுண்ணக்கட்டியை எடுத்தார். வழுக்கும் இணைப்பின் இரு பகுதிகளின் மேலும் நேராக ஒரு கோடு இழுத்தார். “இது ஒரு பல்லு தள்ளிப் போச்சுன்னா, புது கிராஸ் போட்டும் வண்டி நடுங்கும் சார்” என்றார். கவைகள் ஒரே தளத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அவர் கையில் சுண்ணக்கோடாக இருந்தது!

பின்னர் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை இறக்கினார். கிண்ணங்களைப் பிடித்திருந்த வளைய லாக்குகளை எடுத்து, வைஸில் வைத்து அழுத்திக் கிண்ணங்களை வெளியேற்றினார். பழைய சிலுவையின் கைகளில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளங்கள். புதிய கிராஸைப் பொருத்தும்போது ஓர் ஊசிகூடச் சாய்ந்து விழாதபடி கிண்ணத்தை நேராக அழுத்தினார். லாக்குகளைப் பள்ளத்தில் முழுதும் அமர்த்தி, சிலுவை எல்லாத் திசையிலும் இறுக்கமின்றி அசைகிறதா என்று பார்த்தார். கோட்டோடு கோடு பொருந்தத் தண்டை ஏற்றி, நிப்பிள் வழியே புதுக் கிரீஸ் வெளியே தலைகாட்டும்வரை அடித்தார். ‘டக்’ மறைந்தது.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 2000 கிலோகிராம் உள்ள ஜீப்பு மேலே ஏற, 2000 × 9.8 × 1000, அதாவது ஏறத்தாழ 2 கோடி ஜூல் வேலை செய்யப்படுகிறது. இறங்கும்போது இதே 2 கோடி ஜூலும் வெப்பமாகித் தீரவேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கிறது. அது செல்லும் வழி அதே தண்டுதான்.

இன்னொன்றும் உண்டு. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் கைப்பிரேக்கின் டிரம், சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் உள்ளது. கைப்பிரேக்கும் பின் தண்டின் வழியாகவே சக்கரத்தை நிறுத்துகிறது. முன்சக்கர இணைப்புப் போடாமல் இறங்கும்போது பின் தண்டின் கிராஸ் முறிந்தால், எஞ்சினின் பிடிப்பும் கைப்பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். மிஞ்சுவது காற்பிரேக் மட்டுமே. 2 கோடி ஜூலும் அதன் தலையில் விழுந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

தண்டைக் கழற்றும்போது சக்கரங்களுக்குக் கட்டை ஏன் அவசியம் என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா? கியரில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டிருந்தாலும், தண்டு இல்லாத ஜீப்பு உருளும். எனவே நீங்கள் தனியாக வண்டிக்கு அடியில் செல்லவே கூடாது.

ஆனால் காதைத் தீட்டிக்கொள்ள உங்களுக்குத் தடையில்லை. உங்கள் அம்மாவோ அக்காவோ செல்லும் ஜீப்பில் அந்த ‘டக்’ கேட்டால், ஓட்டுநரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: “அண்ணே, கிராஸைப் பாத்துடுங்க.” ஏன் என்று அவர் கேட்டால், விடை இப்போது உங்களிடம் இருக்கிறது.

சிந்தனைக்கு: சாய்வு 30 பாகை என்றால், 1000 சுற்று எந்த இரு எல்லைகளுக்கிடையே ஏறி இறங்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.