ஐப்பசி மாதத்து வானிலை அறிக்கையும் கடைமடைக் கிராமமும்

தமிழ்நாட்டிற்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் முடிய உள்ள மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைக்கிறது. நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் இப்பங்கு இன்னும் அதிகம். ஆனால் இம்மழை நாள்தோறும் அளந்து பெய்வதன்று. வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு நிலைகளுக்கேற்ப இரண்டு மூன்று நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, பின்னர்ப் பத்து நாட்கள் ஓய்ந்திருப்பதும் உண்டு. ஆகவே சம்பாப் பயிர் வயலில் நிற்கும் இக்காலத்தில், பருவத்தைப் பற்றிய பொது அறிவைவிட அடுத்த ஐந்து நாட்களைப் பற்றிய அறிவே விவசாயிக்கு மிகுதியும் பயன்படும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, வேளாண்மைப் பல்கலைக் கழகங்களின் துணையுடன், செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகிறது. ஐந்து நாட்களுக்குரிய மழை, வெப்பம், ஈரப்பதம், மேகமூட்டம், காற்று ஆகிய விவரங்கள் அதில் எண்களாகத் தரப்படுகின்றன. கைப்பேசியிலும் அது கிடைக்கிறது. எனினும், கிடைத்த அறிக்கையைப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் வேரூன்றவில்லை என்றே கூற வேண்டும்.

"சென்ற வாரம் மழை என்றார்கள், எங்கள் ஊரில் ஒரு தூற்றல் கூட இல்லையே!" என்று வட்டாரக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். அறிக்கையில் உள்ள சொற்களைக் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும். "ஓரிரு இடங்களில்" என்று சொன்னால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்கு வரைதான் மழை பெறும் என்பது பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால் நாலில் மூன்று பங்கிற்கு மேல். முதற் சொல்லைக் கேட்டு நெற்களத்தைக் காலி செய்யத் தேவையில்லை. இரண்டாவது சொல்லைக் கேட்டும் களத்தில் நெல்லைப் பரப்பி வைப்பது விவேகமன்று. மழையில் நனைந்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுபோய், ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேல் என்று நாட்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அளவுகளையும் அறிந்திருத்தல் நலம். ஒரு நாளில் 64.5 மில்லி மீட்டரை எட்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. நம் பெரியவர்கள் "ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை" என்று அளந்தார்கள். அது மண்ணின் ஈரத்தைக் காட்டும் நல்ல அளவே. ஆனால் வடிகாலுக்கு அது போதாது. 65 மில்லி மீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 2,60,000 லிட்டர் நீராகும். நூறு ஏக்கர் உள்ள ஒரு கிராமத்தில் ஒரே இரவில் சேரும் நீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வளவும் ஆகாயத் தாமரை அடைத்துக்கொண்ட ஒரே வாய்க்கால் வழியாக வெளியேற வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் மிகுந்திருந்தால், கடைமடையில் அந்த வாய்க்காலும் மெதுவாகவே வடியும். பஞ்சாங்கத்தையும் வானிலை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை.

மேகமூட்டம் "7" என்றிருந்தால் அது நூற்றுக்கு ஏழு அன்று. வானத்தின் எட்டுப் பாகத்தில் ஏழு மூடியிருக்கும் என்பதாகும்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். செவ்வாய்க்கிழமை வந்த அறிக்கையில் புதன் 5, வியாழன் 12, வெள்ளி 70, சனி 40, ஞாயிறு 2 மில்லி மீட்டர் என்று இருக்கிறது. வீட்டில் யூரியா மூட்டை வந்து இறங்கிவிட்டது; மேலுரம் இடும் பருவமும் வந்துவிட்டது. புதனன்றே இட்டுவிடலாம் என்று தோன்றும். இட்டால், வெள்ளியன்று வரப்பு வழிந்தோடும் நீருடன் உரத்தின் பெரும் பகுதி அடுத்தவர் வயலுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். நான்கு நாட்கள் தாமதிப்பதால் பயிருக்கு வரும் நட்டம் அதைவிடக் குறைவே. பூச்சி மருந்துக்கும் இதே விதி. புதனும் வியாழனும் மண்வெட்டிக்குரிய நாட்கள்: வடிமடைகளைத் திறந்து, வாய்க்கால் அடைப்பை நீக்க வேண்டும். இவ்வேலையைத் தனி விவசாயி செய்து முடிக்க இயலாது. என் வரப்பில் வெட்டிவிட்ட நீர் கீழ் வயற்காரரை மூழ்கடிக்கும். அதனால் வரும் சச்சரவு மழையைவிட நீண்ட நாள் நிற்கும். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வாய்க்காலின் வால் பகுதியிலிருந்து மேல் நோக்கி வேலையைத் தொடங்கச் செய்தல் வேண்டும்.

வெள்ளியன்று வரும் புதிய அறிக்கையை மறவாமல் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்குச் சொல்வது உறுதி மிக்கது. நான்காம், ஐந்தாம் நாட்களுக்குச் சொல்வது மாறக்கூடும். பயிர் மூழ்கியிருந்தால், நீரை வடித்த பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலைவழி தெளிப்பது வழக்கம். உங்கள் பயிரின் நிலையைக் காட்டி வேளாண்மை உதவி அலுவலரைக் கேட்டுச் செய்க.

புயல் எச்சரிக்கை வரும் வாரத்தில் மழையைவிடக் காற்றே பெரிது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, நெல்லைவிடத் தென்னைக்கே பேரிழப்பு நேர்ந்தது. காற்றுக்கு நேர் முகமாக நின்றால் புயல் நம் வலப்பக்கத்தில் இருக்கும். வாடை வலுக்கிறது என்றால் அது கிழக்கே கடலில் இருக்கிறது. புயலின் நடுப்பகுதி ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். புயல் போய்விட்டதென்று அப்போது வெளியே வரலாகாது. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அது மீண்டும் அடிக்கும்.

எறும்பு முட்டை சுமப்பதையும் தும்பி தாழப் பறப்பதையும் பார்த்துச் சொல்லும் முதியவர்களை நான் குறைத்துப் பேசுவதில்லை. ஆயினும் 2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டி மீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வளவு பெரிய மழையை எந்த எறும்பும் அளந்து கூறாது. மானி ஒன்று இருந்ததனால்தான் நாமும் அறிந்தோம்.

வட்டாரத்திற்குத் தரப்படும் அளவு, ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே தரப்படுவதன்று. ஆகவே பஞ்சாயத்துதோறும் ஒரு மழைமானி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை மரத்திற்கோ கட்டடத்திற்கோ அதன் உயரத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாத தூரத்தில், திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, மழை இல்லாத நாளிலும், அளவைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் அருகிலேயே அறிக்கை சொன்ன அளவையும் எழுதி வருக. பள்ளி மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தால் இவ்வேலை தவறாமல் நடக்கும். அறிக்கையை அலுவலக வாசலில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், மாலையில் தேநீர்க் கடையருகே உரக்கப் படித்துக் காட்டவும் அவரே போதும்.