முதலில் கேம் பட்டியலை எழுது

அன்புத் தம்பிக்கு,

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உன் கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்க மாட்டேன் என்கிறது. புதிது வாங்க இப்போதைக்கு வழியில்லை, லினக்ஸுக்கு மாறலாம் என்றிருக்கிறேன், மின்டா, உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் பார்ப்போம். பதிப்பு எண் முன்னே பின்னே இருக்குமே தவிர, நாலிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான், ஸ்டீமும் புரோட்டானும் ஒன்றுதான். ஒன்றில் அறவே ஓடாத கேம் மற்ற மூன்றிலும் பெரும்பாலும் ஓடாது. அதனால் முதலில் ஒரு தாளில் நீ விளையாடும் கேம்களை எழுது. அதன்கீழே உன் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரை எழுது.

விண்டோஸுக்காகச் செய்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 1993-இல் தொடங்கிய ‘வைன்’ என்ற திட்டம், விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிறது. வால்வ் நிறுவனம் அதன்மேல் தன் வேலையைச் சேர்த்து 2018-இல் ‘புரோட்டான்’ என்று ஸ்டீமுக்குள் வைத்தது. டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே அதனுள்ளேயே இருக்கிறது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. அது விற்க வேண்டும் என்பதற்காக வால்வ் செய்த திருத்தங்களெல்லாம் உன் பழைய கணினிக்கும் வந்து சேர்கின்றன. தனியாள் கேம்களைப் பொறுத்தவரை இன்று நிலைமை நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் ஆன்லைன் போட்டி கேம்களில். வேலரன்ட் கேமின் வேன்கார்ட் என்ற ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்) விண்டோஸ் கெர்னலுக்குள் டிரைவராக உட்கார்ந்துகொள்வது. வைனில் விண்டோஸ் கெர்னலே கிடையாது, அது எங்கே போய் உட்காரும்? ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்-ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. ஆனால் அந்த வழியைத் திறந்துவிட வேண்டியது கேம் நிறுவனம். ஃபோர்ட்நைட் திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் திறந்து வைத்திருந்து 2024-இல் மூடிவிட்டது. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி ஓடும், 2024 செப்டம்பருக்குப் பிறகு ஆன்லைன் பகுதி ஓடாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே வெளியாகின்றன, கவலை இல்லை. மற்றவற்றுக்கு ‘புரோட்டான்டிபி’ தளத்தில் பெயரைப் போட்டுப் பார். விளையாடியவர்களே தங்கள் கார்டு, டிரைவர் விவரத்தோடு எழுதியிருப்பார்கள். வேலரன்டை லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வரும் வீடியோக்களை நம்பாதே. கணக்கு முடங்கினால் வீடியோ போட்டவர் வந்து மீட்டுத்தர மாட்டார்.

அடுத்தது கார்டு. ஏஎம்டி அல்லது இன்டெல் என்றால் டிரைவர் கெர்னலிலும் மெசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளிலும் ஏற்கெனவே இருக்கிறது. எதையும் தேடி இறக்காதே. என்விடியா என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நேராக இறக்கிப் போடாதே, அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அது உடையலாம். மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால் பரிந்துரைத்த பதிப்பைக் காட்டும், அதையே போடு. உன்னுடையது ஜிடிஎக்ஸ் 10 வரிசை என்றால் 580 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்குமேல் உள்ள எண்ணைப் போட்டால் கார்டை அது கண்டுகொள்ளாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, பொறுமையாகப் படி. கையெழுத்தில்லாத டிரைவரை ஏற்காத ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினியில் என்விடியா டிரைவர் போடும்போது சில நேரம் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எதற்கு என்று புரியாமல் எதையோ தட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்வார்கள். உடனே நீலத் திரை ஒன்று வரும். முதல் வரியில் ‘கன்டின்யூ பூட்’, அதன்கீழே ‘என்ரோல் மோக்’. நீலத்தைப் பார்த்ததும் பயந்து என்டரைத் தட்டினால் முதல் வரியே தேர்வாகும். டிரைவருக்குக் கையெழுத்திட்ட சாவி பதிவாகாது, கெர்னல் அதை உள்ளே விடாது. திரை குறைந்த ரெசல்யூஷனில் வரும், ஜன்னலை நகர்த்தினால்கூட இழுக்கும், ‘லினக்ஸே மெதுவாக இருக்கிறது’ என்று பழி விழும். நீ இரண்டாவது வரியைத் தேர்ந்தெடு, தட்டிய அதே பாஸ்வேர்டைக் கொடு. அவ்வளவுதான்.

டிரைவர் ஏறியதா என்று பார்க்க டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டி, இடம் விட்டு, ஒரு ஹைபனும் கே-யும் போடு. வருவதில் கார்டின் பெயரைத் தேடு. அதன்கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியில் என்விடியா என்று இருந்தால் சரி. நூவோ என்று இருந்தாலோ, அந்த வரியே இல்லாவிட்டாலோ ஏறவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மின்ட் போடு. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, விண்டோஸில் பழகிய கைக்கு அதன் சின்னமன் திரை அந்நியமாக இராது, புதுப்பிப்பு கெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப ‘டைம்ஷிஃப்ட்’ கூடவே வருகிறது. நிறுவிய அன்றே அதை இயக்கிவை. சந்தைக்கு இப்போதுதான் வந்த ஏஎம்டி கார்டு, அல்லது வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட் கொண்ட இரண்டு மானிட்டர் என்றால் மட்டும் ஃபெடோராவின் கேடிஇ பதிப்பு. டிவியில் இணைத்துக் கேம் மட்டுமே ஆடப்போகிறாய் என்றால் பஸைட் என்ற லினக்ஸ். ஆர்ச் நல்லதுதான், ஆனால் தேர்வு நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். தினசரி வேலைக்கு பிரவுசர், லிப்ரே ஆபிஸ், விஎல்சி போதும். தமிழ்99 விசைப்பலகை அமைப்புகளிலேயே இருக்கிறது. வீட்டில் யாராவது டாலியில் கணக்குப் போடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒரு விண்டோஸ் கணினி இருக்கட்டும்.

கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, முதலில் பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார். வைஃபை, ஒலி, புளூடூத் மூன்றும் வேலை செய்தால் நிறுவு. முடிந்தால் தனி எஸ்எஸ்டியில். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறாய் என்றால் அதில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடு, இல்லாவிட்டால் அந்த டிஸ்க் லினக்ஸில் எழுத முடியாதபடி திறக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இருக்கும் கேம்களை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்டப் பார்க்காதே. புரோட்டான் உருவாக்கும் சில கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி வரும், என்டிஎஃப்எஸ்ஸில் அது தகராறு செய்யும். மாறி மாறி பூட் செய்யும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போனால் பேட்டரியைக் குறை சொல்லாதே. மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்.

ஏதாவது கெட்டால்? நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் மாறியது என்ன என்று கேள். புதுப்பிப்புக்குப் பிறகு திரையே வரவில்லை என்றால் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடு, அது அங்கேயே இருக்கும். ஒரே ஒரு கேம் திறக்கவில்லை என்றால் அதன் ப்ராபர்ட்டீஸில் வேறு புரோட்டான் பதிப்பை மாற்றிப் பார். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்டீமின் ‘காம்பாட்டேட்டா’ ஃபோல்டரில் அந்த கேமின் எண்ணுள்ள ஃபோல்டரை நீக்கினால் புரோட்டான் புதிதாக உருவாக்கும். கிளவுட் சேவ் இல்லாத கேம் என்றால் நீக்குமுன் நகல் எடு, சேவ் கோப்பும் அதற்குள்தான் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எங்கோ கண்ட பத்து கட்டளைகளை வரிசையாக ஒட்டிவிட்டால் எது கெடுத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதிலும் நிர்வாகி உரிமையோடு ஓடும், சூடோ என்று தொடங்கும் வரியைப் புரியாமல் ஓட்டவே ஓட்டாதே.

உதவி கேட்கத் தயங்காதே. சென்னையில் ஐஎல்யுஜிசி, விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்று லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழில் படிக்க ‘கணியம்’ தளம் இருக்கிறது. ‘ஓடவில்லை, உதவுங்கள்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கார்டு, டிரைவர் எண், கெர்னல் எண், புரோட்டான் பதிப்பு, கடைசியாகச் செய்த மாற்றம், வந்த பிழைச் செய்தி அப்படியே, இவ்வளவும் எழுது. தீர்ந்துவிட்டால் எதைச் செய்ததும் தீர்ந்தது என்று அதே இடத்தில் ஒரு வரி போட்டுவிடு, அடுத்து அதே கார்டோடு ஒருவர் வருவார்.

அன்புடன்,
அண்ணன்