வாலிபரின் பற்கள்: பிடுங்கும் முன்பும் பின்பும்



கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. "பிடுங்கி விடுங்கள் டாக்டர், நாளைக்கு வண்டி எடுக்க வேண்டும்" என்கிறார் இருபத்திரண்டு வயது வாலிபர். நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும் உழைக்கிறவர்களிடம் இந்தப் பேச்சு புதிதல்ல. அந்த வாலிபர் இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் மெல்ல வேண்டியவர். ஆகவே அவர் அறிய வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் கவனிப்போம்.

1. சொத்தை உண்டாவது எப்படி?

இனிப்பும் மாவுப் பண்டமும் வாய்க்குள் போனவுடன், பல்லில் படிந்துள்ள கிருமிகள் அவற்றை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் ஏறக்குறைய அரைமணி நேரம் எனாமலைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் மெதுவாகச் சரிசெய்கிறது. எனவே இனிப்பின் அளவைவிட, ஒரு நாளில் எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதே முக்கியம். தூக்கம் வராமலிருக்க இரவெல்லாம் சர்க்கரை போட்ட டீயும் பன்னுமாகக் கழிக்கிறவரின் உமிழ்நீருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

2. கறை வேறு, சொத்தை வேறு

சேலம், நாமக்கல், தருமபுரி பகுதிகளில் சில ஊர்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. பற்கள் உருவாகும் சிறுவயதில் இத்தண்ணீரைக் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் ஏற்படும். செங்கல் தூளோ உப்போ போட்டுத் தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் தேயும். கறைக்காகப் பல்லைப் பிடுங்கவே வேண்டாம். பல் நிறமுள்ள பூச்சினால் அதை மறைக்கலாம்.

3. பிடுங்குவதற்கு முன்

பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள சிறு அறை இருக்கிறது. சொத்தை அதை எட்டினாலும், வேர் உறுதியாயிருந்தால் பல்லைக் காப்பாற்றலாம். அறையைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் போடுவதே வேர் சிகிச்சை. வலி நின்றவுடன் கேப் போடாமல் விட்டால் பல் பிளந்துவிடக்கூடும்.

தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்துக்குள் பரவும் சீழ் உயிருக்கே ஆபத்தாகலாம்.

4. பிடுங்கிய பின்

இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும் அல்லது ஏறும், தாடை எலும்பும் கரையும். முதல் ஆண்டிலேயே அதிகம் கரைகிறது. மாற்று வழிகள் மூன்று:

அ) கழற்றி மாட்டும் பல் செட். செலவு மிகக் குறைவு. இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும்.

ஆ) பிரிட்ஜ். கழற்ற வேண்டியதில்லை. ஆனால் இருபுறமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும். இளவயதில் பல்லின் உள்ளறை பெரிதாயிருப்பதால், தேய்க்கும்போது நரம்பு பாதிக்கப்படலாம். முன்பல் ஒன்று மட்டும் போயிருந்தால், அதிகம் தேய்க்காமல் பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் வகையும் உண்டு.

இ) இம்ப்ளான்ட். டைட்டானியம் திருகை எலும்பில் பதித்து அதன்மேல் பல் வைப்பது. இந்த உலோகம் எலும்போடு இணைவதைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு மருத்துவர் பிரானெமார்க், 1965இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம். ஆனால் செலவு அதிகம், சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். தாடை வளர்ச்சி முடியும்வரை, பொதுவாகப் பதினெட்டு வயதுக்கு முன், இது ஏற்றதல்ல. புகைப்பவருக்கும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கும் தோல்வி வாய்ப்பு கூடும்.

பணம் சேரும்வரை பல் செட் அணிந்து, பிறகு நிலையான பல்லுக்கு மாறுவதும் நல்ல வழியே. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

5. எச்சரிக்கை

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, பக்கத்துப் பல்லோடு பசையும் கம்பியும் வைத்துப் பல் கட்டிவிடுகிறவர்களிடம் போகாதீர்கள். ஈறு அழுகி, நல்ல பல்லும் சேர்ந்து போகும். சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே இவ்வைத்தியம் செய்யலாம்.

அன்பான ஆதரவாளர்களே, இலவச முகாமில் பிடுங்கிய பற்களை எண்ணுவது எளிது. பிடுங்கச் சில நிமிடங்கள் போதும். காப்பாற்றுவதற்குப் பல தடவை வரவேண்டும், எக்ஸ்ரே வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். நீங்கள் ஆதரிக்கும் முகாம் எதுவாயினும், "எத்தனை பற்கள் காப்பாற்றப்பட்டன?" என்றும் கேளுங்கள்.

வாலிபர் கூட்டத்தில் கலந்து பேச:

• நேற்று எத்தனை தடவை இனிப்பு சாப்பிட்டோம், எத்தனை டீ குடித்தோம்?
• இரவு படுக்குமுன் புளோரைடு பற்பசையால் பல் துலக்குகிறோமா?
• நம் தெருவில் பல் வலியோடு வேலைக்குப் போகிறவர் யார்? அவரை மருத்துவரிடம் அழைத்துப்போக நம்மில் யாரால் முடியும்?