கல்விச்சீருக்காக வீடு வீடாகப் போவது எப்படி?

தாய்மாமன் சீர் கொண்டுபோவது போல, ஊரார் தட்டுகளில் நோட்டும் பேனாவும், வண்டியில் நாற்காலியும் பீரோவும் மின்விசிறியும் ஏற்றி, மேளத்தோடு அரசுப் பள்ளிக்குப் போய்க் கொடுப்பதைக் கல்விச்சீர் என்கிறோம். தமிழகத்துக் கிராமங்களில் சில ஆண்டுகளாக இது நன்றாகப் பரவியிருக்கிறது. இதன் வேர் பழையது. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கொடுத்தார்கள். சிலர் நிலமே கொடுத்தார்கள்.

இன்று ஒரு வசதியானவரிடம் போனில் பேசினாலே மொத்தச் சீரும் வந்துவிடலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் மூலம் வெளிநாட்டில் இருப்பவர்கூடப் பணம் அனுப்பலாம். அனுப்பட்டும், நல்லதுதான். ஆனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள் என்றே சொல்வேன். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருக்கும் எங்கள் மங்கலம்பேட்டை போன்ற பேரூராட்சியில், வாடகைக்கு வந்த குடும்பம் இரண்டு வருடம் இருந்தாலும் நான்கு வீட்டைத் தாண்டிப் பேச்சு இருக்காது. சீருக்காகப் படியேறும் பிள்ளை அந்த நான்கை நாற்பதாக்கிவிடும்.

முதலில் பள்ளிக்குப் போங்கள். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லி, என்ன தேவை என்று கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். உங்கள் தெருக்காரர் யாராவது அதில் இருந்தால் அவரையும் உடன் அழைத்துக்கொள்ளலாம். பிள்ளையைச் சேர்ப்பதற்கு நன்கொடை வாங்குவதை அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. இது அந்த வகை வசூல் இல்லை, விருப்பமுள்ளவர் மட்டும் கொடுப்பது என்பதை ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிடுவது நல்லது.

‘பள்ளிக்கூடத்துக்கு உதவி’ என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் மனதில் ஒட்டாது. ‘நாலாம் வகுப்பில் மின்விசிறி இல்லை’ என்று கேளுங்கள். பட்டியலில் பெரிய பொருளோடு பென்சில் பெட்டியும், ஒரு துடைப்பமும், ஒரு குடமும் இருக்கட்டும். கூலிக்குப் போகும் வீடும் கொடுக்கக்கூடிய பொருள் அதில் இருக்க வேண்டும்.

பொங்கலுக்குப் பிந்தைய வாரங்கள் ஏற்றவை. கையில் கொஞ்சம் காசு புழங்கும். பள்ளி ஆண்டு விழாவும் நெருங்கும். மார்ச் பிறந்துவிட்டால் முந்திரிக் கொட்டை பொறுக்கத் தோப்புக்குப் போய்விடுவார்கள், கதவு பூட்டியிருக்கும். நேரம் என்றால் ஞாயிறு காலை, அல்லது மாலை நாலரைக்கு மேல். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுங்கள். விளக்கு வைத்த பிறகும், வெள்ளி செவ்வாயிலும் காசை வெளியே கொடுக்கத் தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளி நண்பகல் ஜும்மா நேரத்தில் போகக் கூடாது. நோன்பு மாதம் என்றால் நோன்பு திறக்கும் வேளையை விட்டுவிடுங்கள். துக்க வீட்டில் காரியம் முடியும்வரை சீர்ப்பேச்சே வேண்டாம். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர் போதும். பிள்ளையைத் தனியாக எந்த வீட்டுக்குள்ளும் அனுப்பக் கூடாது, எவ்வளவு தெரிந்த வீடாக இருந்தாலும்.

பேச வேண்டியது பிள்ளைதான். வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். “ஆயா, நான் நாலாவது படிக்கிறேன். எங்க கிளாஸுக்கு ஃபேன் வாங்கணும். ஊர்லேருந்து சீர் எடுத்துட்டுப் போறோம், நீங்களும் வரணும்” என்றால் போதும். திண்ணையில் இருக்கும் ஆயா பணத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். “யார் வூட்டுப் புள்ள நீ?” என்பார். அந்தக் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். அப்பா பெயர், அம்மா பிறந்த ஊர், இப்போது குடியிருக்கும் வீடு என்று பேச்சு விரியும். அவசரப்பட்டு ரசீது புத்தகத்தை நீட்டாதீர்கள். அந்தப் பேச்சுக்காகத்தானே வந்தோம். அதே பள்ளியில் படித்தவராக இருந்தால் தன் காலத்து வாத்தியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். பிள்ளை கேட்கட்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது ஒன்று. ஊர்த்தெருவோடு நிறுத்தாதீர்கள். காலனித் தெருவுக்கும், பள்ளிவாசல் தெருவுக்கும், ஊர் ஓரத்துக் குடிசைகளுக்கும் போங்கள். வகுப்பில் இந்தப் பிள்ளைகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். பெற்றோர்தான் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்ததில்லை. பணம் கிடைக்காது என்று நினைத்து ஒரு தெருவை விட்டால், சீர் பாதி ஊரின் சீராகிவிடும். ஊர்வலத்தன்று விடுபட்ட தெருப் பிள்ளை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். அங்கே போனால் தண்ணீர் கொடுப்பார்கள், டீ போடுவார்கள். உங்கள் பிள்ளை பார்க்க நீங்கள் முதலில் வாங்கிக் குடியுங்கள். சாதியைப் பற்றி வீட்டில் எத்தனை புத்தி சொன்னாலும் அந்த ஒரு டம்ளர் சொல்வதைச் சொல்ல முடியாது.

இல்லை என்பவர்களிடம் மறுபேச்சு வேண்டாம். “பரவாயில்லைங்க, சீர் அன்னைக்கு மட்டும் வாங்க” என்று பிள்ளை சொல்லட்டும். காசு இல்லாதவர் வேறு ஏதாவது தரலாம்: தச்சர் உடைந்த பெஞ்சைச் சரிசெய்வார், பூக்கட்டுபவர் நாலு முழம் தருவார், மினி லாரி வைத்திருப்பவர் பீரோவை ஏற்றி இறக்குவார். இவற்றையும் சீர்க் கணக்கு நோட்டில் எழுதுங்கள், பணம் கொடுத்தவர் பெயருக்குக் கீழே தள்ளாமல் வந்த வரிசையிலேயே.

பணத்தில் சந்தேகம் வந்தால் பழக்கமும் போய்விடும். ஐந்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். ஜிபேயில் அனுப்புகிறேன் என்பவருக்கு உங்கள் எண்ணைக் கொடுக்கவே கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். அன்றன்றைய பணத்தை அன்று மாலையே இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டு, மறுநாள் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பிள்ளைகள் தெருவில் ஒப்பிட்டுப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீர் முடிந்த வாரத்தில் இன்னொரு சுற்று உண்டு. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அதே பிள்ளை அதே வீடுகளுக்கு, கொடுக்காத வீடுகளுக்கும் சேர்த்து, வரவு செலவை எழுதிய ஒரு தாளோடு போக வேண்டும். பொருளைப் பொருத்திய வகுப்பறையின் படத்தையும் போனில் காட்டலாம். எதுவும் கேட்க வராத பிள்ளையை வீட்டார் வேறு மாதிரி வரவேற்பார்கள். அந்தந்த வீட்டுப் பெரியவரின் போன் எண்ணையும், தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடலூர் மாவட்டத்துக்குப் புயல் எச்சரிக்கை வரும்போது யாரை முதலில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும்.