உச்சிக்கோடும் தொலைநோக்கியும்

சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர் நேரம் தொடங்குவதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் அந்தக் கற்பனைக் கோடே உச்சிக்கோடு. விண்மீன்களும் தினமும் அதைக் கடக்கின்றன. தொலைநோக்கியில் கேமரா பொருத்தி வானத்தைப் படம் எடுக்க விரும்பும் மாணவர்கள் இதை அறிவது அவசியம்.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. படம் கலங்காதிருக்க, தொலைநோக்கியின் தாங்கியும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். அதற்காகத் தாங்கியின் அச்சை வானத்தின் வட துருவத்துக்கு நேராக வைக்கிறோம். அரியாங்குப்பத்தில் அதன் சாய்வு ஏறத்தாழ 12 பாகை. இத்தனை தாழ இறங்காத தாங்கிகளும் உண்டு; பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரமும் தாழ்வாகவே தெரியும். வடக்கே மரமோ மாடியோ மறைக்காத இடம் வேண்டும்.

ஜனவரி நடுவில் ஓரியன் நெபுலா இரவு 10 மணிக்குச் சற்றுப் பின் உச்சிக்கோட்டைக் கடக்கும். எதிர் எடை கொண்ட தாங்கியில் அதற்குப் பிறகும் தொடர்ந்தால், குழாயோ கேமராவோ முக்காலியில் இடிக்கலாம்; கேபிள் இழுபடலாம். ஆகவே படம் எடுப்பதை நிறுத்தி, குழாயைத் தாங்கியின் மறுபக்கம் திருப்பி, இலக்கை மீண்டும் நடுவில் கொண்டுவந்து தொடர வேண்டும். படம் தலைகீழாக வரும். அது பழுதல்ல, கணினியில் திருப்பிக்கொள்ளலாம். காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் தாங்கி குதிரைலாட வடிவிலானது. அதற்கு இந்தத் திருப்பம் தேவையில்லை.

முதல்முறை திருப்பும்போது பெரியவர் ஒருவர் அருகில் நின்று கேபிள்களைக் கவனிக்கட்டும். உரிய வடிகட்டியின்றித் தொலைநோக்கியில் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, பார்வை பறிபோகும்.